பெயரைச் சரியாக வாசிக்க வையுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அடுத்த வாரம் எங்கள் கல்லூரியில் பட்டமளிப்பு விழா. அங்கி போட்டு ஊர்வலத்தில் வருவது நிரந்தரப் பேராசிரியர்கள் மட்டும். எங்களுக்கு அங்கி விநியோகம், மாணவர்களை வரிசையில் நிறுத்துவது, பெயர்ப் பட்டியல் சரிபார்ப்பது. வெள்ளைக்காரன் விட்டுப்போன சடங்குக்கு ஒரு சனிக்கிழமையை ஏன் கொடுக்க வேண்டும்? நீங்களும் ஆசிரியராக இருந்தவர், சொல்லுங்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

மூன்று வருடம் பாடம் நடத்தியவரை ஊர்வலத்தில் சேர்க்காதது அநியாயம். உங்களைப் போன்றவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு முதல்வரிடம் இப்போதே மனு கொடுங்கள். ஆனால் விழாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சடங்கைப் பற்றிய உங்கள் கோபம் புதிதல்ல. 2010-ல் போபாலில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே அங்கியைக் கழற்றினார். 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழுவே கைத்தறி உடை அணியச் சொன்னது. குளிர்தேசத்து உடை நம் ஊர் வெக்கைக்கு எதற்கு? கைத்தறி வேட்டி சேலையே போதும் என்பதுதான் என் கட்சியும்.

விழா வேறு விஷயம். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பட்டமளிப்பு விழாவில் மேடையேறுபவர்கள் பெரும்பாலும் முனைவர் பட்டம் பெறுபவர்களும் தரவரிசையில் வந்தவர்களும்தான். மற்றவர்களெல்லாம் நேரில் வராதவர்கள் கணக்கு. ஐம்பத்தைந்து சதவீதம் எடுத்துத் தேறிய பையனைப் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவது கல்லூரி விழாவில் மட்டும்தான்.

அந்தப் பெயர்ப் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது! அதைச் சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள். பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். கலாவும் காலாவும், வள்ளியும் வல்லியும் அதில் ஒன்றுதான். நான் இருந்த ஒரு விழாவில் யாழினியை 'யாலினி' என்று வாசித்தார்கள், அதுவும் எதிரொலிக்கிற ஒலிபெருக்கியில். பின்வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த அப்பா, "நம்ம புள்ளையா?" என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மா எட்டிப் பார்ப்பதற்குள் மகள் மேடையைவிட்டு இறங்கிவிட்டாள். அவர்களிடம் அந்தப் படம் இல்லை.

அதனால் ஒத்திகை நாளன்று ஒவ்வொருவரையும் அவரவர் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, பக்கத்திலேயே தமிழில் பெரிதாக எழுதுங்கள். இனிஷியலையும் விடாதீர்கள், அது அப்பாவோ அம்மாவோ. வாசிக்கப்போகும் துறைத்தலைவரை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வையுங்கள். தயங்கினால் கொஞ்சம் வற்புறுத்தலாம், தப்பில்லை.

அப்புறம், விழா முடிந்ததும் நேராகச் சாப்பாட்டுக்குப் போய்விடாதீர்கள். அட்மிஷனுக்கு வந்ததோடு சரி, பிறகு கல்லூரிப் பக்கமே வராத பெற்றோர் நிறையப் பேர் இருப்பார்கள். யாரிடம் பேசுவதென்று தெரியாமல் நிற்பார்கள். நீங்களே போய்ப் பேசுங்கள். 'நல்லாப் படிச்சான்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். வகுப்பில் அவன் கேட்ட ஒரு கேள்வி, அவள் எழுதிய ஒரு கட்டுரை, உங்களுக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள். மேடையில் இருக்கும் சிறப்பு விருந்தினரால் அதைச் சொல்ல முடியாது.