போர்டுல வக்கீலுக்கு என்ன வேலை? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கம்பெனி போர்டுகளைப் பத்தி நீங்க எழுதினதுல "டைரக்டர் லிஸ்ட்டைப் பாத்தாலே அந்த அமைப்பு யாருக்காக ஓடுதுன்னு தெரிஞ்சிடும்"னு ஒரு வரி வரும். அதை நம்பித்தான் இந்தக் கடிதம்.

நான் மாசசூசெட்ஸ்ல இருக்கேன், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. என் பையன் குறைமாசத்துல பிறந்து ரொம்ப நாள் என்ஐசியூல இருந்தான், இப்ப வீட்டையே ரெண்டாக்கறான். அந்த ஆஸ்பத்திரியோட பேஷண்ட் அண்ட் ஃபேமிலி கவுன்சில்ல கொஞ்ச வருஷமா இருக்கேன். இப்ப குழந்தைகள் மருத்துவத்தோட தரத்தை உயர்த்தறதுக்காகவே நடக்கற ஒரு நான்-ப்ராஃபிட்ல இருந்து போர்டு மெம்பரா வர்றீங்களான்னு கேக்கறாங்க. லிஸ்ட்டைப் பாத்தேன். குழந்தை டாக்டருங்க கொஞ்சம் பேர், மத்தபடி வக்கீல், ஆடிட்டர், இன்ஷூரன்ஸ் கம்பெனியில பெரிய பொறுப்புல இருந்து ரிட்டயர் ஆனவர், கன்சல்டண்ட். குழந்தைங்க வைத்தியத்துக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்? அதை விட, எனக்கு அங்க என்ன தகுதி? கறிவேப்பிலை மாதிரி வாசனைக்குப் போட்டுட்டு சாப்பிடும்போது ஓரமா ஒதுக்கிடுவாங்களோன்னு பயமா இருக்கு. மீட்டிங்குக்கு மீட்டிங் பையன் கதையைச் சொல்லச் சொல்வாங்களோன்னும் தோணுது. வீட்டுக்காரர் வேண்டாம்ங்கறார். உங்க கருத்து என்ன? பேர் போட வேண்டாம்.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சேருங்க. ஆனா உடனே சரின்னு சொல்லிடாதீங்க, நாலஞ்சு விஷயம் கேட்டுட்டு சேருங்க, அதைக் கீழே சொல்றேன். அந்த வரி நான் ஷேர் மார்க்கெட்ல இருக்கற கம்பெனிங்களை மனசுல வெச்சு எழுதினது, நான்-ப்ராஃபிட்டுக்கு அதை அப்படியே மாட்டினா பாதிதான் பொருந்தும்.

முதல்ல வக்கீல். 1938ல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போலியோவுக்காக ஒரு ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சார், பின்னாடி மார்ச் ஆஃப் டைம்ஸ்னு பேர் வாங்கினது அதுதான். அதைத் தூக்கி நிறுத்தினவர் பேசில் ஓ'கானர், ரூஸ்வெல்ட்டோட வக்கீல் பார்ட்னர். மருத்துவம் படிச்சவரே இல்ல. 'டைம்'னு சொல்ற பத்து சென்ட் நாணயமா ஜனங்க கிட்ட வசூல் பண்ணி, அந்தக் காசை சால்க் மாதிரி ஆராய்ச்சிக்காரங்களுக்குக் குடுத்து, 1955 ஏப்ரல் 12ஆம் தேதி தடுப்பூசி வேலை செய்யுதுன்னு அறிவிக்கற வரைக்கும் கொண்டு வந்தாங்க. இதுல கொடுமை, நடுவுல 1950ல ஓ'கானரோட சொந்தப் பொண்ணுக்கே போலியோ வந்துடுச்சு. பன்னெண்டு வருஷமா வக்கீலா உக்காந்திருந்த மனுஷன் ஒரே நாள்ல பேஷண்ட்டோட அப்பாவும் ஆயிட்டார். அதனால லிஸ்ட்ல 'வக்கீல்'னு போட்டிருக்கறதை மட்டும் பாத்து இவருக்கென்ன தெரியும்னு முடிவு பண்ண வேண்டாம், அவர் வீட்டுல என்ன நடந்திருக்குன்னு ரெண்டு வரி பயோடேட்டால வராது.

அப்போ டாக்டருங்களையே வெச்சு ஓட்டினா என்னன்னு கேப்பீங்க. அதுக்கு பிரிஸ்டலைப் பாக்கணும். இங்கிலாந்துல பிரிஸ்டல் ஆஸ்பத்திரியில எண்பதுகள்லயும் தொண்ணூறுகள்லயும் குழந்தைங்களுக்கு இதய ஆபரேஷன் பண்ணிட்டிருந்தாங்க, சாவு அதிகமா இருந்துச்சு. மயக்க மருந்து டாக்டர் ஸ்டீஃபன் போல்சின் கணக்கெடுத்து, ஏதோ தப்பா இருக்குன்னு மேல சொல்லிட்டே இருந்தார். யாரும் காதுல வாங்கல. மேல இருந்தவங்க யாருன்னு பாருங்க: சீஃப் எக்ஸிக்யூட்டிவ் ஜான் ராய்லன்ஸ் ஒரு டாக்டர், மெடிக்கல் டைரக்டரா இருந்தவர் அதே ஆபரேஷன்களைப் பண்ணிட்டிருந்த ஜேம்ஸ் விஷார்ட். 1998ல ரெண்டு பேர் பேரையும் மருத்துவர் பதிவுல இருந்தே எடுத்துட்டாங்க. அப்புறம் நடந்த பொது விசாரணைக்குத் தலைவர் இயன் கென்னடி, சட்டப் பேராசிரியர். 2001ல வந்த அறிக்கை என்ன சொல்லுதுன்னா, 1991லேருந்து 1995க்குள்ள ஒரு வயசுக்குக் கீழ இருந்த குழந்தைங்கள்ல, மத்த இடங்களோட ஒப்பிட்டா எதிர்பார்க்கறதை விட 30லேருந்து 35 பேர் வரைக்கும் கூடுதலா செத்திருக்காங்க. தெரிஞ்சவங்களே சுத்தி உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கற கிளப் மாதிரி அந்த இடம் இருந்துச்சுன்னும் எழுதினாங்க. டாக்டர் பட்டம் அங்க பஞ்சமே இல்ல, கேள்வி கேக்க ஆள்தான் பஞ்சம்.

நேர் எதிரா அமெரிக்காவுல சின்சினாட்டி. அங்க இருக்கற குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு 1996ல சீஃபா வந்த ஜிம் ஆண்டர்சன் வக்கீலா இருந்தவர், வால்வு தயாரிக்கற கம்பெனியில நிர்வாகத்துல இருந்தவர், அந்த ஆஸ்பத்திரி போர்டுலயே ரொம்ப நாள் இருந்தவர். தர மேம்பாட்டு வேலைய முன்னால நின்னு நடத்தினவங்க உமா கோட்டகல், மும்பையில மருத்துவம் படிச்ச பச்சிளங்குழந்தை டாக்டர். தொழிற்சாலைக்காரரும் குழந்தை டாக்டரும், நல்ல ஜோடி. 2001 வாக்குல அவங்களுக்கு ஒரு பெரிய கிராண்ட் வந்துச்சு, கூடவே ஒரு நிபந்தனை: உங்க நம்பர் எதுவா இருந்தாலும் மறைக்கக் கூடாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு ஒரு பரம்பரை வியாதி, சளி கட்டி நுரையீரலைக் கெடுத்துடும். அமெரிக்கா முழுக்க அதுக்கு வைத்தியம் பண்ற சென்டர்களோட கணக்கு பல வருஷமா சேந்துட்டிருந்துச்சு, ஆனா எந்த சென்டர் எங்க நிக்குதுன்னு வெளியில சொல்ல மாட்டாங்க. சின்சினாட்டிக்காரங்க தங்களோடதைத் திறந்து பாத்தா நுரையீரல் எவ்வளவு நல்லா வேலை செய்யுதுங்கற கணக்குல சராசரிக்கும் கீழ. நாட்டுலயே பேர் பெத்த ஆஸ்பத்திரின்னு நம்பித்தான் பெத்தவங்க கூட்டிட்டு வர்றாங்க, அவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு "நாங்க இந்த விஷயத்துல சுமார்தான்"னு சொல்லணும். சொன்னாங்க. எல்லாரும் பயந்த மாதிரி குடும்பங்க கூட்டமா கிளம்பிப் போயிடல, அதுக்குப் பதிலா "அப்போ யாரு பெஸ்ட், அவங்க என்ன பண்றாங்க"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விய டாக்டரு டாக்டரைப் பாத்து கேக்கறது கஷ்டம், பெத்தவங்க சாதாரணமா கேட்டுடுவாங்க.

உங்க தகுதிக்கு வர்றேன், இதுலதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கு. உங்க மாசசூசெட்ஸ்லயே 1999ல என்ஐசிஎச்க்யூன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, குழந்தைகள் ஆரோக்கியத் தரத்துக்கே ஆனது (உங்களைக் கூப்பிட்டது யாருன்னு எனக்குத் தெரிய வேணாம், ஒரு உதாரணத்துக்குச் சொல்றேன்). ஆரம்பிச்ச சார்ல்ஸ் ஹோமர் குழந்தை டாக்டர், அதுக்குத் தாய்வீடு மாதிரி இருந்த, வைத்தியத் தரத்தை உயர்த்தறதுக்கான ஐஎச்ஐங்கற அமைப்பை நிறுவின டான் பெர்விக்கும் குழந்தை டாக்டர், பின்னாடி தலைமைக்கு வந்த ஸ்காட் பெர்ன்ஸும் குழந்தை டாக்டர்தான், வந்தது மேல சொன்ன மார்ச் ஆஃப் டைம்ஸ்ல இருந்து. ஆனா இவங்க கையில எடுத்த கருவி எங்கேருந்து வந்துச்சு? பெல் லேப்ஸ்ல டெலிஃபோன் சாமான் தயாரிப்புல குறை எங்க வருதுன்னு பாக்கறதுக்கு ஷுவார்ட் போட்ட சார்ட், அதை வெச்சு ஜப்பான்காரங்களுக்குப் பாடம் எடுத்த டெமிங். திட்டம் போடு, சின்னதா செஞ்சு பாரு, அளந்து பாரு, மாத்து, திரும்பவும் முதல்ல இருந்து. இதைத்தான் பிஎச்டி வாங்கினவங்களுக்கு வொர்க்‌ஷாப் போட்டுச் சொல்லிக் குடுக்கறாங்க. டெஸ்டிங்ல இருக்கற உங்களுக்கு இது தினப்படி பொழப்பு. ஒரு எடத்துல சரி பண்ணினா இன்னொரு எடத்துல உடையுமேன்னு சந்தேகப்படறதுக்குச் சம்பளம் வாங்கறவங்க நீங்க, அந்த டேபிள்ல அந்தச் சந்தேகம்தான் வேணும்.

ஏன் வேணும்னா, போர்டுங்க தன்னைப் பத்தி ரொம்ப நல்லாவே நினைச்சுக்கும். 2010ல வந்த ஒரு ஆய்வுக்காக ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்கள் ஜாவும் எப்ஸ்டீனும் அமெரிக்க ஆஸ்பத்திரிகளோட போர்டு சேர்மன்கள் கிட்ட சர்வே எடுத்தாங்க. தரத்துல அடிமட்டத்துல இருந்த ஆஸ்பத்திரிகளோட சேர்மன்கள்ல ஒருத்தர் கூட "நாங்க சராசரியை விட மோசம்"னு சொல்லல. 58 சதவீதம் பேர் நாங்க சராசரிய விட நல்லா பண்றோம்னாங்க! பொய் சொல்லணும்னு சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்க கைக்கு வர்ற பேப்பர் அப்படி.

உதாரணத்துக்கு அந்தப் பேப்பர்ல "சென்ட்ரல் லைன் இன்ஃபெக்‌ஷன், ஆயிரம் லைன் நாளுக்கு இவ்வளவு"ன்னு ஒரு தசம புள்ளி நம்பர் இருக்கும், பக்கத்துல பச்சை கலர் அடிச்சிருக்கும் (சென்ட்ரல் லைன்னா பெரிய ரத்தக் குழாய்க்குள்ள போடற ட்யூப்). ஆடிட்டருக்கு அது போதும், போன க்வார்ட்டரை விடக் குறைஞ்சிருக்கு, அடுத்த பக்கம். நீங்க என்ஐசியூல அந்த ட்யூபைப் பாத்துட்டே ராத்திரி முழிச்சிருந்தவங்க, உங்க வாயில தானா வரும்: "அப்படின்னா எத்தனை குழந்தைங்க?" அந்த ஒரு கேள்வியில ரூமே கொஞ்சம் நெளியும். நெளியட்டும்.

ஹெலன் ஹாஸ்கெல்னு ஒருத்தங்க. சவுத் கரோலினா. பையன் லூயிஸ் பிளாக்மேன், 15 வயசு, நெஞ்செலும்பு உள்ள ஒடுங்கியிருந்ததைச் சரி பண்ண 2000 நவம்பர்ல ஒரு ஆபரேஷன், அவசரமே இல்லாத, நாள் குறிச்சுப் பண்ணினது. வலிக்குக் குடுத்த மருந்துல வயித்துல புண்ணு ஓட்டையாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை காலைல திடீர்னு தாங்க முடியாத வயித்து வலி. வாயுன்னாங்க. அம்மா சீனியர் டாக்டர் வரணும்னு கேட்டாங்க, ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனார், அவரும் பயிற்சியில இருக்கற ரெசிடென்ட்தான்ங்கறது அவங்களுக்கு அப்பத் தெரியாது. மறுநாள் காலைல பிபி கிடைக்கல, மெஷின்தான் கோளாறுன்னு மெஷின் மாத்தி மெஷின் மாத்திப் பாத்துட்டே இருந்தாங்க. அன்னிக்கே பையன் போயிட்டான். ஹெலன் சும்மா இருக்கல, 2005ல அந்த மாநிலத்துல பையன் பேர்லயே சட்டம் வந்துச்சு. அதுல என்ன இருக்குன்னு பாருங்க: பேட்ஜ்ல பேரோட என்ன வேலை, பயிற்சியில இருக்கறவரான்னு தெளிவாப் போட்டிருக்கணும், பொறுப்பு டாக்டரைக் கூப்பிடணும்னு குடும்பம் கேட்டா அதுக்கு வழி இருக்கணும். பேட்ஜ்! எத்தனையோ பெரிய மூளைங்க இருக்கற துறையில இது ஒரு அம்மா கண்ணுலதான் பட்டுச்சு. பின்னாடி அவங்க ஐஎச்ஐ போர்டுலயே உக்காந்தாங்க. உங்க மாநிலத்துல 2010க்குள்ள எல்லா ஆஸ்பத்திரியும் ஃபேமிலி கவுன்சில் வெச்சே ஆகணும்னு சட்டமே போட்டாங்க, நீங்க உக்காந்திருக்கற சீட் அதுல வந்தது.

சரி, கறிவேப்பிலை பயம். அது நியாயமான பயம்தான். கவுன்சில் வேற, போர்டு வேற. கவுன்சில்ல யோசனை சொல்லலாம், போர்டுல கை தூக்கி ஓட்டுப் போடணும், சீஃபோட சம்பளத்தை முடிவு பண்ணணும், தேவைப்பட்டா வீட்டுக்கு அனுப்பணும், கணக்குல ஓட்டை விழுந்தா பதில் சொல்லணும். அதனால முதல்ல கேக்க வேண்டியது, எனக்கு ஓட்டு உண்டா இல்ல சும்மா விருந்தாளியா. வருஷா வருஷம் வரித்துறைக்குக் குடுக்கற ஃபார்ம் 990 யார் வேணா பாக்கலாம், ஓசி. அதோட ஆறாம் பாகத்துல ஓட்டு இருக்கற மெம்பர் எத்தனை, அதுல அமைப்போட பணத் தொடர்பு இல்லாத சுதந்திரமானவங்க எத்தனைன்னு இருக்கும், ஏழாம் பாகத்துல யாருக்கு எவ்வளவு சம்பளம்னு இருக்கும் (டைரக்டர்களுக்குப் பெரும்பாலும் பூஜ்யம்தான், உங்களுக்கும் அதுதான், வீட்டுக்காரர் கிட்ட முதல்லயே சொல்லிடுங்க). இன்ஷூரன்ஸ்காரர் மேல உங்களுக்கு உறுத்தல் இருந்தா ஷெட்யூல் எல் இருக்கான்னு பாருங்க, மெம்பர்களுக்கும் அமைப்புக்கும் நடுவுல கொடுக்கல் வாங்கல் இருந்தா அங்க வரும். மத்தபடி அவர் இருக்கறது நல்லதுதான், ஒரு நல்ல திட்டத்துக்கு யாரு காசு குடுப்பாங்க, ஏன் குடுக்க மாட்டாங்கன்னு அவருக்குத்தான் தெரியும். இந்த மாதிரி அமைப்புங்க பல சமயம் ஃபெடரல் கிராண்ட்டை நம்பி ஓடுறது, கிராண்ட் நின்னா என்ன பண்றதுன்னு யோசிக்கவும் ஆள் வேணும்.

அப்புறம் பணம். நிறைய போர்டுல மெம்பரே வருஷத்துக்கு இவ்வளவு குடுக்கணும் இல்ல திரட்டித் தரணும்னு எழுதாத விதி இருக்கும். அது உங்களுக்கும் உண்டான்னு கூச்சப்படாம கேளுங்க. பெத்தவங்கன்னு ஒரே ஒரு சீட்டா, ரெண்டா? ஒருத்தரா இருந்தா எல்லாரும் தலையாட்டும்போது தனியா வேண்டாம்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க, ரெண்டு பேர்னா கொஞ்சம் தைரியம் வரும். கமிட்டி குடுக்கும்போது "நிதி திரட்டல் விழாவுக்கு நீங்க நல்லாப் பேசுவீங்க"ன்னு அங்க தள்ளப் பாப்பாங்க, சிரிச்சுட்டே வேண்டாம்னுட்டு ப்ரோக்ராம் கமிட்டியோ ஃபைனான்ஸோ கேளுங்க. ஃபைனான்ஸ் தெரியாதேன்னு நினைக்காதீங்க, ரெண்டு மூணு மீட்டிங்ல பிடிபட்டுடும், அங்கதான் எந்தத் திட்டம் இருக்கும், எந்தத் திட்டம் போகும்னு முடிவாகறது.

பையன் கதை. ஒரு தடவை சொல்லுங்க, சேர்ற அன்னிக்கு, உங்க இஷ்டப்படி, உங்களுக்கு எது முக்கியமோ அதை மட்டும். அதுக்கப்புறம் கேட்டா "இன்னிக்கு அஜெண்டால இருக்கறதைப் பேசலாமே"ன்னுடுங்க. அவன் நாளைக்கு வளர்ந்து பெரிய பையனாவான், தன்னோட மெடிக்கல் விவரம் யார் யார் காதுல விழுந்துச்சுன்னு அவனுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும். ஃபோட்டோ போடறதுக்குச் சம்மதம் கேட்டா தனியா எழுதி வாங்கிக்கோங்க, எந்த வருஷம் வரைக்கும்னு தேதி போட்டு.

கடைசியா, சரின்னு சொல்றதுக்கு முன்னாடி போன நாலு மீட்டிங்கோட மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்பை, அனுப்பச் சொல்லுங்க. அதுல தரத்தைப் பத்தி எத்தனை பக்கம், பணத்தைப் பத்தி எத்தனை பக்கம்னு எண்ணிப் பாருங்க. ஆஸ்பத்திரி போர்டுங்களுக்கே மீட்டிங் நேரத்துல கால்வாசியாவது தரத்துக்குன்னு ஒதுக்குங்கன்னு ஐஎச்ஐ சொல்லியிருக்கு, தரத்துக்காகவே பொறந்த அமைப்பு அதுக்கும் கீழ போனா எதுக்குன்னு கேக்கலாம். யாராவது ஒரு தீர்மானத்துக்கு எதிரா ஓட்டுப் போட்டதா எங்கயாவது பதிவாகியிருக்கான்னும் தேடுங்க. நாலு மீட்டிங்லயும் எல்லாமே ஏகமனதா பாஸாகியிருந்தா, சேர்மனுக்கு ஃபோன் போட்டு ஏன்னு கேட்டுட்டு அப்புறமா கையெழுத்துப் போடுங்க.