கிரிப் ‘கிளியர்’ பண்ண 75,000 ரூபாயா?

கேள்வி: புறக்கோட்டையில் இருந்த எனது புடவைக்கடை 2022இல் நொடித்துப்போனது. வங்கிக் கடனை வட்டிச் சலுகையோடு கட்டி முடித்துவிட்டேன். இப்போது முச்சக்கர வண்டிக்கு லீசிங் கேட்டால், ‘கிரிப்பில் (கடன் தகவல் பணியகத்தில்) பெயர் இருக்கிறது’ என்கிறார்கள். 75,000 ரூபாய் தந்தால் பெயரை எடுத்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். கொடுக்கலாமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கடன் எடுத்த எல்லோருடைய பெயரும் கிரிப்பில் இருக்கும், ஒழுங்காகக் கட்டியவர் பெயர் உட்பட. கறுப்புப் பட்டியல் என்று அங்கே ஒன்று கிடையாது. வங்கிகளும் பினான்ஸ் கம்பனிகளும் அனுப்பும் விபரத்தைத்தான் அந்தப் பணியகம் வைத்திருக்கிறது. பிழையிருந்தால் திருத்தி அனுப்ப வேண்டியதும் கடன் தந்த நிறுவனமே. புரோக்கருக்கு அதில் கைவைக்க வழியே இல்லை. இப்படிப்பட்டவர்கள் கேட்பது எதை? அடையாள அட்டைப் பிரதி, மின்கட்டணப் பட்டியல், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை. இவை போதும், உங்கள் பெயரில் இன்னொரு கடன் முளைக்க. போலிச் சம்பளச் சீட்டு செய்து தருகிறவர்களும் உண்டு. பிடிபட்டால் கம்பி எண்ணப்போவது நீங்கள்.

முதலில் உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே எடுங்கள். வங்கிக் கிளை மூலமும் விண்ணப்பிக்கலாம். கட்டி முடித்த கடனுக்கு எதிரே நிலுவை பூச்சியமா, அல்லது சலுகையாக விட்ட வட்டி இன்னும் பாக்கியாகவோ தள்ளுபடியாகவோ நிற்கிறதா என்று பாருங்கள். பலருக்குச் சிக்கல் இங்கேதான். கடன் இலக்கம், இறுதியாகக் கட்டிய தொகை, திகதி, ‘இனி நிலுவை இல்லை’ என்ற வசனம், இந்த நான்கும் உள்ள கடிதத்தை வங்கியிடம் வாங்குங்கள். நிலுவை பிழையாக இருந்தால் எழுத்தில் முறையிட்டு, பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935க்கு அழையுங்கள். கடனைக் கட்டியவரே கட்டியதை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது. வங்குரோத்துக்கு 1853ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வைத்திருந்த நாட்டில் வேறென்ன எதிர்பார்ப்பது!

கடைக்கடனுக்கு யாராவது பிணை நின்றார்களா? அப்படியானால் நீங்கள் தவறிய தவணைகள் அவருடைய அறிக்கையிலும் பதிந்திருக்கக்கூடும். உங்கள் கடிதம் ஒன்று போதாது. அவருடைய பிணைப் பொறுப்பும் தீர்ந்தது என்று அவர் பெயரில் தனிக்கடிதம் கேளுங்கள். அவரும் தன் அறிக்கையை எடுத்துப் பார்க்கட்டும். கடன் இருவர் பெயரில் கூட்டாக இருந்தாலும் இதே கதைதான். பிணை நின்ற மச்சான் வீடு கட்டக் கடன் கேட்கப் போய், உங்களால் திரும்பி வந்த பிறகு பேசுவதைவிட இப்போதே பேசுவது நல்லது.

தாமதமாகக் கட்டிய பழைய தவணைகள் உண்மையானவை என்றால் அவற்றை யாராலும் துடைக்க முடியாது. அவற்றுக்கு மேலே நல்ல தவணைகள் சேர வேண்டும். ஒரு சிறிய நிலையான வைப்பை ஈடாக வைத்து, குறைந்த எல்லையுள்ள ஒரு கடனட்டை கேளுங்கள். தொலைபேசிக் கட்டணம் போன்ற ஒரே செலவை அதில் போட்டு, முழுத்தொகையும் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி வங்கிக்குக் கட்டளை கொடுங்கள். ‘ஆகக் குறைந்த தொகை’ கட்டினால் போதும் என்ற வரியை நம்பினால் மிகுதிக்கு வட்டி ஏறும்.

லீசிங்குக்கு ஒரே நேரத்தில் ஐந்து கம்பனிகளில் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு கம்பனியும் கிரிப்பைத் திறந்து பார்த்தது அறிக்கையில் தெரியும். அடுத்தவர் அதைப் பார்த்து, இவர் அவசரத்தில் ஓடுகிறார் என்று நினைப்பார். கடிதம் கைக்கு வந்து, அறிக்கையும் திருந்திய பின், கூடுதலான முற்பணத்தோடு ஒரே இடத்தில் கேளுங்கள்.