உச்சியில் ஓர் உம்மை

கேள்வி: டெனாலி சிகரத்தை 1913-இல் முதன்முதலில் எட்டிய பாதிரியார் ஹட்சன் ஸ்டக்கின் குழுவில், வால்டர் ஹார்ப்பர் என்ற அலாஸ்காப் பழங்குடி இளைஞரும் இருந்தாராமே?

பதில்: இருந்தார். ஆனால் 'இளைஞரும்' என்பதன் வாலில் தொங்குகிற அந்த 'உம்'மைத் தாண்டி என்னால் மேலே ஏற முடியவில்லை. உம்மைக்கு எட்டுப் பொருள் என்கிறது இலக்கணம். செய்தித்தாள்கள் சேர்த்துவிட்ட ஒன்பதாவதற்குப் 'போனால் போகிறது உம்மை' என்று பெயர் வைத்து, இந்தப் பக்கத்திலேயே பலமுறை வசவு வாங்கியிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையின் 'சுற்றமும் நட்பும்' இருவருக்கும் பந்தியில் இலை போடும். இந்த உம்மையோ திண்ணையில்தான் உட்கார வைக்கும்.

1913 ஜூன் 7 அன்று, 20,310 அடி உயர உச்சியில் முதலில் கால் வைத்தவர் ஹார்ப்பர்தான். அயர்லாந்துத் தந்தைக்கும் கோயுகான் பழங்குடித் தாய்க்கும் பிறந்து, தாயிடம் வளர்ந்த இருபது வயதுக்காரர். முந்தைய ஆண்டின் நிலநடுக்கத்தில் நொறுங்கிக் கிடந்த பனிமுகட்டில், குழுவின் இன்னொருவரான கார்ஸ்டென்ஸுடன் சேர்ந்து வாரக்கணக்கில் படி வெட்டியவரும் அவரே, கடைசி நாள் முழுவதும் கயிற்றின் முன்முனையில் நடந்தவரும் அவரே. (இந்த இரண்டு உம்மைக்கும் நான் பொறுப்பு.) ஐம்பதை நெருங்கியிருந்த ஸ்டக், மூச்சுத் திணறி, கடைசிச் சில அடிகளைத் தோழர்கள் இழுத்துவிட ஏறி, உச்சியில் நினைவிழந்து விழுந்தார். ஆகவே, 'ஹார்ப்பர் ஏறிய குழுவில் ஒரு பாதிரியாரும் இருந்தாராமே' என்பதுதான் இலக்கணச் சுத்தமான கேள்வி.

ஸ்டக்கின் மேல் குற்றமில்லை. முதலில் ஏறியவர் ஹார்ப்பரே என்று தம் நூலில் ஒளிக்காமல் எழுதினார். 'மெக்கின்லி' என்று அரசியல்வாதியின் பெயரைச் சூட்டியதை எதிர்த்து, 'உயர்ந்தது' எனப் பொருள்படும் டெனாலி என்ற மக்கள் வழக்கை மீட்கவும் வாதாடினார். அந்த வழக்கு 2015-இல் வென்று அரசின் பெயராகி, 2025-இல் மறுபடி 'மெக்கின்லி'யிடம் தோற்றது. ஹார்ப்பருக்குத்தான் ஆயுள் இல்லை: 1918-இல், மணமாகி இரண்டு மாதம் நிறையும் முன்பே, மருத்துவம் படிக்கப் புறப்பட்ட வழியில், பிரின்சஸ் சோஃபியா கப்பல் மூழ்கி மனைவியோடு இறந்தார்.

கீழ் முகாமில் நாய்களோடு ஒரு மாதம் தனியே காத்திருந்த குவிச்சின் பழங்குடிச் சிறுவன் ஜானி ஃபிரெட்சனுக்கு நீங்கள் ஓர் 'உம்' கூடக் கொடுக்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு வேண்டியிருக்கும் என்று, தன் பங்குச் சர்க்கரையை அவன் தொடாமல் வைத்திருந்தான்.