அக்கா போட்ட இரண்டு சுழியங்கள்

அன்புள்ள ஐயா,

முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்தடுத்த கட்டத்தில் இரு மடங்கு என்று 64 கட்டங்களையும் நிரப்பும் சதுரங்கப் பலகைக் கதையில் வரும் தானிய மணிகளின் மொத்த எண்ணிக்கை 18446744073709551615. கைபேசியில் போட்டதும் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்று ஏழு பகாக் காரணிகள் நொடியில் வந்துவிட்டன. இதில் 641 எங்கிருந்து வந்தது? இந்த எண்ணுக்கு மறைபொருள் ஏதும் உண்டா? இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

ஒரு கல்லூரி மாணவர்

அன்புள்ள தம்பி,

மறைபொருள் ஒன்றும் இல்லை. பயனைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். 641 பற்றிக் கேட்டீர்களே, ஒரு வாரமாக நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் எண் 2இன் 64ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு. இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பிரிக்கிற பள்ளிக்கூடச் சூத்திரம் போதும், 4294967295 × 4294967297 என்று உடையும். முதல் பாதியை அதே சூத்திரத்தால் உடைத்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். அடுத்து வரும் 4294967297உம் பகா எண்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற கணித அறிஞர் நம்பினார். 641ஆல் அது மீதியின்றி வகுபடும் என்று 1732இல் இன்னொரு கணித அறிஞர் ஆய்லர் காட்டினார். அதன் பகாக் காரணி எதை 64ஆல் வகுத்தாலும் மீதி 1தான் வரும் என்றும் பின்னால் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641. ஐந்தே வகுத்தல்!

நொடியில் வந்துவிட்டன என்று எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஒரு தடவையாவது பேனாவை எடுத்தீர்களா? விடை உங்கள் கைக்கு வந்தது, எண் வரவில்லை.

பத்து வயதில், 4294967297ஐ 641ஆல் வகுக்கிற இந்தக் கணக்கை அக்கா எனக்குக் கொடுத்தாள். மின்சாரம் போன இரவு, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம், ஒரு மெழுகுவத்தி. நான் 67417 என்று ஈவு போட்டு நீட்டினேன். அவள் திட்டவில்லை. என் விரலைப் பிடித்து ஒவ்வொரு வரியாக வைத்தாள். 4294இல் ஆறு தடவை, மிச்சம் 448. ஒன்பதை இறக்கினால் 4489, ஏழு தடவை, மிச்சம் வெறும் 2. ஆறை இறக்கினால் 26. "இதுல 641 போகுமா?" போகாது. "அப்ப சுழியம் போடு." ஏழை இறக்கினால் 267. அதிலும் போகாது. "இன்னொண்ணு போடு. போகலைன்னாலும் இடத்தை விடக் கூடாதுடா." பிறகு 2672, நான்கு. 1089, ஒன்று. மிச்சம் மறுபடியும் அதே 448! மேலே ஒன்பதை இறக்கிய இடத்தில் இப்போது ஏழு. 4487. ஏழு தடவை, மிச்சமே இல்லை. 6700417. அக்கா கைதட்டினாள்.

அந்த இரண்டு சுழியங்களும் திரும்பி வந்த 448உம் உங்கள் திரையில் தெரிந்திருக்காது தம்பி. 641ஐ 5×128+1 என்றும் 625+16 என்றும் எழுதி, வகுக்காமலேயே நிறுவவும் வழி உண்டு. அது இப்போது வேண்டாம், முதலில் வகுங்கள்.

அக்காவைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் மெழுகு சொட்டியிருக்கிறது.

193இலிருந்து தொடங்குங்கள். மீதி என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.