கொழும்பில் வீட்டுக்கு சோலார் போட்டால் போட்ட காசு திரும்பி வருமா? அரசாங்கச் சலுகை உண்டா?

அரசாங்கம் கையில் காசாகத் தரும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இங்கே சலுகை என்பதே உங்கள் கூரையில் உற்பத்தியாகும் யூனிட்டை மின்சார சபை வாங்கும் விலைதான். 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற கூரை சோலார் திட்டம் தொடங்கியபோது முதல் 7 வருடத்துக்கு 22 ரூபாய். 2022இல் 37 ஆக ஏறி, 2024இல் 27க்கு இறங்கியது. 2025இல் 5 கிலோவாட் வரையான புதியவர்களுக்கு 20 ரூபாய் 90 சதம். அதனால் 37 ரூபாய்க்கு ஒப்பந்தம் எழுதிய பக்கத்து வீட்டுக்காரரின் லாபக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

கொழும்பில் 1 கிலோவாட் மாதம் ஏறக்குறைய 115 யூனிட் தரும். 5 கிலோவாட்டுக்கு கொட்டேஷன் 10 லட்சம் என்று வையுங்கள். முழுவதையும் 20.90க்கு விற்றால் மாதம் ஏறக்குறைய 12,000 ரூபாய். 10 வீதத்துக்குக் கடன் எடுத்திருந்தால் வட்டிக்கே 8,000க்கு மேல் போய்விடும். பிறகு என்ன மிச்சம்?

நெட் அக்கவுண்டிங் என்ற முறையில் கதை வேறு. வீட்டில் பாவித்த யூனிட் முதலில் கழிபடும், மிஞ்சியதற்குத்தான் காசு. ஏசி ஓடுகிற வீடுகளில் பில்லின் மேல் அடுக்கு யூனிட் ஒன்றுக்கு நாம் கட்டுவது 20.90ஐ விட எவ்வளவோ கூட. லாபம் அங்கேதான் இருக்கிறது. மாதம் 400 யூனிட் போகிறதா, மூன்றரை கிலோவாட் போதும். கூரையில் இடம் இருக்கிறதே என்று 10 கிலோவாட் போடச் சொல்கிற சேல்ஸ் தம்பிக்கு ஒரு பிளேன்டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் என்றால் இன்னும் இரண்டு விஷயம். பக்கத்துக் காணியில் பிளாட் எழும்பினால் வெயில் போச்சு. வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தாலே மற்றவற்றின் உற்பத்தியும் குறையலாம். கடல் உப்புக்காற்றுக்குச் சாதாரண இரும்பு கிளாம்ப் துருப்பிடித்துவிடும், அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கேளுங்கள்.

பற்றரி இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷொக் அடிக்கக்கூடாதே. இன்னொன்று, 2025 சித்திரைப் புத்தாண்டு லீவில் பாவனை குறைந்ததால், பகலில் கூரை சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. நிறுத்தி வைத்த நேரத்துக்கு வருமானம் இல்லை.

அட்வான்ஸ் கொடுக்க முன் உங்கள் தெரு ட்ரான்ஸ்ஃபோமரில் இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நிரம்பியிருந்தால் அனுமதி இழுபடும், பேனல் கூரையில் சும்மா கிடக்கும்.