அந்த வலியை வாங்கிக்கொள்வது யார்?

கேள்வி: ஆர்.எஃப். குவாங்கின் 'தி பாப்பி வார்' நாவலில் ஒரு தேசத்தையே எரித்தவள் ரின். இரண்டாம் பாகமான 'தி டிராகன் ரிபப்ளிக்'கில் அவள் அபினிக்கு அடிமை, ஒரு பிரபுவின் ஏவலாள். வீராங்கனையை இப்படிக் கீழே இறக்குவது அநியாயம் இல்லையா? மூன்றாம் பாகத்தை வாங்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: அநியாயம் இல்லை. காரணம் சொல்ல இரண்டு பாகங்களின் முடிவையும் தொட வேண்டியிருக்கிறது. இன்னும் படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

முதல் பாகத்தை மறுபடி புரட்டுங்கள். ரினுக்கு முன்பே அபினியில் விழுந்தவன் ஆல்டன். ரின் தன் உடம்பில் இறக்கும் அதே நெருப்புக் கடவுளைத் தானும் இறக்கிக்கொண்ட ஆண், படைத்தலைவன். அவனிடம் அது சோகமாகத் தெரிந்தது, ரினிடம் மட்டும் இழிவாகத் தெரிவானேன்? ராணுவப் பள்ளியில் மாதவிலக்கு குறுக்கே நிற்கிறதென்று மருந்து குடித்துக் கருப்பையை அழித்துக்கொண்டவளும் இதே ரின்தான். அதைக் கீழிறக்கம் என்று யாரும் எழுதிக் கேட்பதில்லை. அப்போது அவள் முன்னேறிக்கொண்டிருந்தாள். விலை முதல் பாகத்திலேயே கொடுக்கப்படுகிறது. வெற்றி வந்துகொண்டிருந்ததால் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் பாகத்தில் அபினி அவளுக்குப் போதைக்காக மட்டும் இல்லை. எதிரி நாடான முகன் தீவில் எரிமலையைக் கிளப்பி ஒரு மக்கள் கூட்டத்தையே அழித்தவள், அதைத் தலைக்குள் கேட்காமல் இருக்கப் புகைக்கிறாள். பிரபு வைஸ்ராவிடம் சேரும்போது அதை விட்டாக வேண்டிய நிலை வருகிறது. இங்கே குவாங் தாவிச் செல்லாததைக் கவனியுங்கள். மிகைபுனைவு எழுதும் பலர் பழக்கத்தை ஒரே இரவில் முடித்துவிடுகிறார்கள். அபினியை நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் வயிற்றுப்போக்கும் கால் தசைப்பிடிப்பும் உச்சத்துக்குப் போகும், தூக்கம் இருக்காது. உடம்பு தேறச் சுமார் ஒரு வாரம். ஏக்கமோ மாதக்கணக்கில் நிற்கும். இடைவெளி விட்டவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்று சாகலாம், ஏனென்றால் உடம்பின் தாங்கும் சக்தி அதற்குள் குறைந்திருக்கும். எழுதுகிறவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

நாவலின் உண்மையான பலம் அடுத்து வருகிறது. பேரரசி டாஜி ரினின் மனதில் ஒரு முத்திரையிட்டு நெருப்பை அடைக்கிறாள். சக்தி திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவரின் ஆன்மாவோடு தன்னைப் பிணைத்துக்கொள்ள வேண்டும். கிட்டே என்பவன், அவளுடைய ஒரே நம்பகமான நண்பன், சம்மதிக்கிறான். அதன் பிறகு ரின் நெருப்பை இழுத்தால் கிட்டேக்கு வலிக்கும். ஒருவர் செத்தால் மற்றவரும் சாவார். கதாசிரியர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, சக்திக்கு விலையாகக் களைப்பையோ மூக்கில் ரத்தத்தையோ வைப்பது. இரண்டு பக்கம் தூங்கி எழுந்தால் அது தீர்ந்துவிடும், அடுத்த சண்டையில் வாசகருக்குப் பயமே வராது. கிட்டேயின் வலி தீராது. ஒவ்வொரு முறை கையைத் தூக்கும்போதும் ரின் யாரைச் சுடுகிறாள் என்று நாம் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. விதியைப் போருக்கு முன்பே சொல்லிவிட்டு, போரின் நடுவில் தளர்த்தாமல் வைத்திருக்கிறார் பாருங்கள், அதுதான் கைத்திறன்.

ஏவலாள் என்ற குறைக்கு வருவோம். முதல் பாகம் 1937-ல் தொடங்கிய சீன-ஜப்பானியப் போரையும் நான்ஜிங் படுகொலையையும் உள்வாங்கியது. ரினுக்கு முன்மாதிரி மாவோ என்று குவாங்கே சொல்லியிருக்கிறார். அந்தப் பாதையில் வைஸ்ராவின் குடியரசு ஒரு கட்டாயக் கட்டம். மேலை நாட்டுக் கப்பல்களை நம்பி நிற்கும் அரசு அது. அந்த உதவிக்காக, அந்த மேலை நாடான ஹெஸ்பீரியாவின் மதத்தார் ரினைச் சோதனைப் பொருளாக்கி ஆராயவும் இடம் கொடுக்கிறது. ஆயுதமாக இருக்கச் சம்மதித்தவளுக்கு ஆயுதத்துக்குரிய மரியாதைதான் கிடைக்கும் என்பதை அவள் கற்பது இங்கே. கடைசியில் வைஸ்ராவின் மகன் நெஷா அவளை முதுகில் குத்துகிறான். விலங்கிலிருந்து தப்ப அவள் கையையே நசுக்க வேண்டியிருக்கிறது, நசுக்குகிறவன் கிட்டே. அந்த வலியும் அவனுக்கு உண்டு.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஆற்றுவழிப் படையெடுப்பு இழுக்கிறது. வைஸ்ராவை அவள் நம்பும் காலமும் நீளம். வாசகர் கண்டுபிடித்து வெகு நேரம் கழித்தே அவள் கண்டுபிடிக்கிறாள். நீங்கள் சலித்தது இங்கே என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் பாகம் 'தி பர்னிங் காட்', 2020-ல் வந்தது. வாங்குங்கள், ஆனால் பழைய ரின் திரும்புவாள் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். போன கை போனதுதான். இனி அவள் யாருக்கும் ஏவலாள் இல்லை, ஆணையிடுவதே அவள்தான். அது உங்களுக்கு ஆறுதலாக இருக்குமா என்று படித்துவிட்டு எழுதுங்கள்.