ஆலயக் கமிட்டியும் ஆர்க்கிடெக்ட்டும்: கேள்வி-பதில்

கோத்தகிரியில் ஒரு சபைக்கு ஆலயம் வரைகிறேன். 400 பேர் என்கிறார்கள். எத்தனை சதுர அடி?

எந்த 400? கிறிஸ்துமஸ் காலையில் வருகிறவர்களா, நவம்பர் மழையில் ஆராதனைக்கு வருகிறவர்களா? சில ஞாயிறுகள் தலையை எண்ணித் தரச் சொல்லுங்கள். பெஞ்சில் ஆளுக்கு ஒன்றரை அடி. நடைவழி, பீடம், பாடகர் குழு எல்லாம் சேர்த்தால் ஆளுக்குச் சுமார் 10 சதுர அடி. பண்டிகைக் கூட்டத்துக்குப் பக்க வராந்தா போதும். எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள்.

கூடலூரில் வெறும் மெட்டல் ஷீட் கூரை போதுமா?

தென்மேற்குப் பருவமழையில் ஆயர் பிரசங்கம் செய்ய வேண்டாம் என்றால் போதும். இல்லையென்றால் மழைச் சத்தம் அடங்க இன்சுலேஷனும் அதற்கடியில் மரச் சீலிங்கும் போடுங்கள்.

குன்னூர். 'ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயம் மாதிரி வேண்டும்' என்றார்கள், 3டி படம் கொடுத்தேன். ஐந்தாவது தடவையாக மாற்றச் சொல்கிறது கமிட்டி. ஃபீஸும் வரவில்லை.

படத்தை முதலில் நீட்டியது யார்? இதை எத்தனை முறைதான் எழுதுவது! வாட்ஸ்அப்பில் படம் போனதும் ஒருவருக்குச் சிலுவை சின்னதாகத் தெரியும், இன்னொருவருக்கு நிறம் பிடிக்காது. வெஸ்டரி (ஆயர் அங்கி மாற்றும் அறை) எங்கே, சவப்பெட்டி எந்த வாசலில் நுழையும், சக்கர நாற்காலி எப்படி ஏறும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்.

முதல் இரண்டு கூட்டத்துக்குப் பென்சிலையே எடுக்காதீர்கள். ஒரு ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, திருவிருந்துக்கு வரிசை எப்படிப் போய்த் திரும்புகிறது என்று பாருங்கள். பெண்கள் ஐக்கியம், வாலிபர், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் எல்லோரிடமும் பேசுங்கள். ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில் பிள்ளையை விட்டுவிடாதீர்கள். எந்த ஜன்னலில் சாரல் அடிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். தேவைப் பட்டியலில் ஆயரும் செயலாளரும் கையெழுத்துப் போட்ட பிறகு பிளான், அதற்கும் கையெழுத்து வந்த பிறகுதான் எலிவேஷன் (வெளித்தோற்றப் படம்). கமிட்டி முடிவை ஒருவர் மட்டும் உங்களிடம் சொல்லட்டும். ஃபீஸ் எந்தக் கட்டத்தில் எவ்வளவு, திருத்தம் எத்தனை தடவை என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், செயின்ட் ஸ்டீபன்ஸுக்கு 1829-ல் அடிக்கல் போட்டார்கள். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனையிலிருந்து வந்தவை. உங்கள் கமிட்டி அந்த மரத்துக்கு எங்கே போகும்? கான்கிரீட்டில் வார்த்து மரக்கலர் பூசுவார்கள், கண்ணால் பார்க்க முடியாது. நீலகிரியில் 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு வேறு இருக்கிறது. கோபுரப் பேச்சு எழுவதற்கு முன்பே அந்த விதியைப் படித்துக் காட்டிவிடுங்கள்.

கொடைக்கானல் பக்கம் சரிவான இடம். சமதளமாக வெட்டச் சொல்கிறார் பங்குத்தந்தை. சரியா?

எவ்வளவு சரிவு, என்ன மண், ஓடை எங்கே என்று ஒன்றுமே எழுதாமல் 'சரியா' என்றால்? மலையை வெட்டாதீர்கள் என்பதுதான் என் பொதுப்பதில். மேல்மட்டத்தில் ஆலயம், கீழ்மட்டத்தில் ஹால் என்று இறக்கிக் கட்டலாம். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் வேண்டும். நவம்பர் மழையில் தந்தையை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள், தண்ணீர் ஓடும் வழியை அவரே பார்த்துக்கொள்வார்.

புது ஆலயத்தில் ஒரே எதிரொலி. இன்னும் நான்கு ஸ்பீக்கர் வாங்கலாமா?

வாங்கினால் எதிரொலி இன்னும் பலமாகக் கேட்கும். டைல்ஸ் தரையும் கான்கிரீட் வளைவும் சேர்ந்தால் இப்படித்தான். பின்சுவரிலும் கூரையிலும் ஒலி உறிஞ்சும் பலகை பொருத்துங்கள்.